செல்வ நாட்டின் குடிமக்களும் அகதியாகலாமா?

'அகதி' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் வறுமை இல்லை, போர் இல்லை, கடலில் தத்தளிக்கும் படகும் இல்லை. கதி என்பது வழி, போக்கு, புகல். அது அற்றவர் அகதி. வடமொழியிலிருந்து வந்த சொல்லாயினும் நம் பேச்சில் நெடுங்காலமாக ஊறிவிட்டது. 'உங்களை விட்டால் எனக்கு வேறு கதியில்லை' என்று ஒருவர் சொல்லும்போது தட்டுவதற்கு வேறு கதவு இல்லை என்றே சொல்கிறார். கையில் பணம் இருப்பவரும் அதைச் சொல்லக்கூடும்.

ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் எழும் காட்சி வேறு. 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிய தமிழர்களின் முகங்கள் எழுகின்றன. 1978 தொடங்கி திரங்கானுக் கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவில் நெருக்கியடித்துக் கிடந்த வியட்நாமியப் படகு மக்களின் முகங்கள் எழுகின்றன. ஏழை நாட்டிலிருந்து, போர் நடக்கும் நாட்டிலிருந்து, கொடுங்கோலாட்சி நடக்கும் நாட்டிலிருந்து வருபவரே அகதி என்று நாம் நம்மையறியாமலே எல்லை வகுத்துக்கொண்டிருக்கிறோம். ஓர் அமெரிக்கரோ ஜெர்மானியரோ தென் கொரியரோ பிற நாட்டு வாசலில் நின்று 'அடைக்கலம் தாருங்கள்' என்று கேட்டால் நமக்குச் சற்றே சிரிப்பு வருகிறது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகள் வெளிவந்த இரவில், கனடாவின் குடிநுழைவுத் துறை இணையத்தளம் பார்வையாளர்களின் நெரிசல் தாங்காமல் முடங்கியது. உலகம் முழுவதும் அச்செய்தியை நகைச்சுவையாகவே படித்தது.

தேர்தல் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக எவரும் அகதியாவதில்லை. அதுபோலவே வரிச்சுமை, மருத்துவச் செலவு, நகரில் பெருகும் களவு ஆகியவையும் காரணமாகா. ஆனால் செல்வ நாட்டின் குடிமக்கள் எவருமே அகதியாக முடியாது என்று சொன்னால் அது தவறு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவ்வாறு கோரியவர்களுள் சிலர் வென்றும் இருக்கிறார்கள்.

1951ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கையே இத்துறையின் அடித்தளம். தொடக்கத்தில் அது 1951ஆம் ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஐரோப்பிய நிகழ்வுகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவும் நாடுகளுக்கு இடமிருந்தது. 1967ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறை அக்கால, இட வரம்புகளை நீக்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் இதில் கையொப்பமிடவில்லை. கோலாலம்பூரில் அகதிகளைப் பதிந்து ஆராயும் பணியை ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமே செய்து வருகிறது. எனவே இங்கு நாம் காணப்போகும் வழக்குகள் யாவும் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் சார்ந்தவை.

அவ்வுடன்படிக்கை தரும் இலக்கணம் சுருக்கமானது. ஒருவர் தம் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் அவருக்கு இருக்க வேண்டும். அவ்வச்சத்துக்குத் தக்க அடிப்படை இருக்க வேண்டும். அத்துன்புறுத்தலுக்கு இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றேனும் காரணமாக இருக்க வேண்டும். தம் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவராகவோ, அவ்வச்சத்தால் பெற விரும்பாதவராகவோ அவர் இருக்க வேண்டும். இவ்வளவே. நாட்டின் வருமானம் பற்றியோ ஆட்சிமுறை பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

அச்சத்தின் அளவு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம், தீங்கு நேருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் அடிப்படையுள்ளதாகலாம் என்று விளக்கியது. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை. கேட்பதற்கு இது மிக எளிய வாசலாகத் தோன்றுகிறது. செல்வ நாட்டினர் பெரும்பாலும் இந்த வாசலில் தடுக்கி விழுவதில்லை; இலக்கணத்தின் கடைசிப் பகுதியான 'தம் நாட்டின் பாதுகாப்பு' என்னும் இடத்திலேதான் விழுகிறார்கள். ஏன் என்பதற்கு ஓர் அயர்லாந்துக்காரரின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

வார்டு வழக்கு

பேட்ரிக் வார்டு வட அயர்லாந்தில் வாழ்ந்தவர். 1983ஆம் ஆண்டில் ஐரிஷ் தேசிய விடுதலைப் படை என்னும் ஆயுதக் குழுவில் சேர்ந்தார். பணயக் கைதிகளாகப் பிடித்து வைக்கப்பட்டவர்களைக் காவல் காப்பது அவருக்குக் கிடைத்த முதல் பணி. அவர்களைக் கொன்றுவிடும்படி மேலிருந்து ஆணை வந்தது. குற்றமற்றவர்களைக் கொல்ல மனம் ஒப்பாத வார்டு, அவர்களைத் தப்பவிட்டார். குழு அதைக் கண்டுபிடித்து, அவரை வதைத்து, தானே ஒரு நீதிமன்றம் போல் கூடி, மரண தண்டனை விதித்தது. அவர் தப்பிக் காவல்துறையிடம் சென்றார். பணயக் கைதிகளைப் பிடித்து வைத்த குற்றத்தில் பங்கிருந்ததால் மூன்றாண்டு சிறை கிடைத்தது. விடுதலையாகும் வேளையில் சிறைச்சாலையின் சமயகுரு உதவியோடு கடப்பிதழ் பெற்று, 1985ஆம் ஆண்டு இறுதியில் கனடா சென்று சேர்ந்தார்.

அவரைக் கொல்ல நினைத்தது அரசு அன்று. அரசுக்கே எதிரியான ஒரு குழு. அப்படியானால் அதை 'துன்புறுத்தல்' எனலாமா? அயர்லாந்தும் பிரிட்டனும் மக்களாட்சி நாடுகள். நீதிமன்றங்களும் காவல்துறையும் உள்ள நாடுகள். அங்கிருந்து வந்தவர் எப்படி அகதியாவார்? கீழ்நிலை அமைப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்பளித்த பின், 1993ஆம் ஆண்டில் கனடா உச்சநீதிமன்றம் இக்கேள்விகளுக்கு விடை தந்தது. இன்றுவரை பல நாட்டு நீதிபதிகள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

அரசே துன்புறுத்த வேண்டியதில்லை. துன்புறுத்துபவரிடமிருந்து காக்க அரசால் இயலாவிட்டாலே போதும் என்றது நீதிமன்றம். இது கோருபவருக்குச் சார்பான முடிவு. உடனேயே எதிர்ப்பக்கமும் ஒரு கல்லை வைத்தது. எந்த அரசும் தன் குடிமக்களைக் காக்க வல்லது என்று தொடக்கத்தில் அனுமானிக்க வேண்டும். அவ்வனுமானத்தை உடைப்பவர் தெளிவான, உறுதியான சான்று தர வேண்டும். தம்மைப் போன்ற நிலையிலிருந்தவர்களை அரசு காக்கத் தவறியதை அவர் காட்டலாம். தாமே முயன்று பயனில்லாமற் போனதைக் காட்டலாம். வார்டைப் பொறுத்தவரை, காக்க இயலாது என்பதை அயர்லாந்து அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருந்தனர்.

அரசியல் கருத்து என்ற காரணத்தையும் நீதிமன்றம் ஏற்றது. வார்டு மேடையேறிப் பேசியவர் அல்லர். துண்டறிக்கை எழுதியவர் அல்லர். ஆனால் கைதிகளைத் தப்பவிட்ட அச்செயலே, அரசியல் மாற்றத்துக்காகக் குற்றமற்றவர்களைக் கொல்லக்கூடாது என்னும் கருத்தின் வெளிப்பாடு என்றது. அந்த ஒரு பத்தி நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது என்பதை இங்கே சொல்லிவிடலாம்.

அத்தோடு வழக்கு முடியவில்லை. வார்டுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமையும் இருந்தது. இரண்டு நாடுகளின் குடியுரிமை உள்ளவர் இரண்டு நாடுகளிலுமே தமக்குப் பாதுகாப்பு இல்லை என்று காட்ட வேண்டும். ஒரு நாடு காக்க முன்வந்தாலும் அவர் அகதியல்லர். பிரிட்டன் அவரைக் காக்குமா என்பதை ஆராயும்படி வழக்கு மீண்டும் கீழே அனுப்பப்பட்டது. இவ்விதி பின்னாளில் எதிர்பாராத இடத்தில் வந்து இடித்தது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஹைட்டி நாட்டவர் பலர் எல்லை கடந்து கனடாவுக்குள் நுழைந்தபோது, அவர்களின் பிள்ளைகள் பலர் அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்களாக இருந்தனர். பெற்றோர் ஹைட்டியைப் பற்றிய அச்சத்தைச் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தை அமெரிக்காவைப் பற்றிய அச்சத்தைச் சொல்லியாக வேண்டும்! ஒரே குடும்பத்தில் தாய் அகதி, பிள்ளை அகதியல்ல என்ற முடிவுக்கு இது இடம் தருகிறது.

படைவீரர்கள்

வியட்நாம் போர்க்காலத்தில் பல்லாயிரம் அமெரிக்க இளைஞர்கள் கட்டாயப் படைச்சேவைக்கு அஞ்சியும் போரை எதிர்த்தும் கனடாவுக்குச் சென்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்களை அகதிகள் என்று சொல்வது பேச்சு வழக்கு. சட்டப்படி அவர்கள் குடியேறிகளாகவே ஏற்கப்பட்டார்கள். கனடா அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்ததே 1969ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில், எல்லையில் வருபவரின் படைச்சேவை நிலையைக் கேட்க வேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. அது போதுமானதாக இருந்தது. 1977ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் அதிபர் கார்ட்டர் படைச்சேவையைத் தவிர்த்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

ஈராக் போர்க்காலத்தில் அந்த வாசல் அடைபட்டிருந்தது. கட்டாயச் சேவை இல்லாத அமெரிக்காவில் தாமாகவே படையில் சேர்ந்து, பின் மனம் மாறியவர்கள் இவர்கள். வான்குடைப் படைப்பிரிவு ஒன்றில் இருந்த ஜெரமி ஹின்ஸ்மன், போரிடாத பணி வேண்டுமென்று படைக்குள்ளேயே விண்ணப்பித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஈராக்குக்கு அனுப்பப்படும் நிலை வந்ததும் 2004ஆம் ஆண்டு ஜனவரியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கனடா சென்று அகதிநிலை கோரினார். 2007ஆம் ஆண்டில் கனடாவின் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. ஈராக் போர் முறையானதா என்ற பெரிய கேள்வியை அது தொடவில்லை. நெடுங்கால மக்களாட்சியும் சுதந்திரமான நீதித்துறையும் உள்ள நாட்டிலிருந்து வருபவர், வார்டு வழக்கு சொன்ன அனுமானத்தை உடைக்க மிகப் பெரிய சுமையைத் தூக்க வேண்டும். தம் நாட்டில் உள்ள வழிகளையெல்லாம் அவர் போதுமான அளவு முயன்று பார்க்கவில்லை என்றது. அவ்வாண்டு இறுதியில் உச்சநீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது.

2008ஆம் ஆண்டு ஜூனில் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை, இவ்வீரர்கள் தங்கட்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம் அது. அடுத்த மாதமே ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். அமெரிக்கப் படை நீதிமன்றம் அவருக்கு 15 மாதச் சிறை விதித்தது. இந்த இடத்தில் சட்டத்தின் தர்க்கம் நமக்கு முழு நிறைவளிக்கவில்லை. ஒரு நாட்டின் நீதிமன்றங்கள் பொதுவாக நன்றாக இயங்குகின்றன என்பது ஒன்று. இந்த மனிதருக்கு, இந்தக் காரணத்துக்காக, அங்கே ஏதேனும் தீர்வு உண்டா என்பது வேறொன்று. மக்களாட்சி என்ற பெயரின் ஒளியில் இரண்டாவது கேள்வி மங்கிப்போகும் அபாயம் எப்போதும் உண்டு.

ஜெர்மனியிலும் இத்தகைய வழக்கொன்று நடந்தது. அங்கிருந்த அமெரிக்கத் தளத்திலிருந்து நீங்கிய ஹெலிகாப்டர் பழுதுபார்ப்பவர் ஒருவர் 2008ஆம் ஆண்டில் தஞ்சம் கோரினார். 2015ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், போர்முனையில் சுடுபவருக்கு மட்டுமன்றிப் பின்னணிப் பணி செய்பவருக்கும் இப்பாதுகாப்பு கிட்டலாம் என்றது. ஆனால் தாம் செய்யும் பணி போர்க்குற்றங்களுக்குத் துணைபோகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று வேண்டும். மனச்சான்றின் பேரில் விலகப் படைக்குள் முறையான வழியிருந்தால் அதை முதலில் நாடியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவர் அதை நாடியிருக்கவில்லை. இறுதியில் அவருக்கு அகதிநிலை கிடைக்கவில்லை.

இவற்றோடு தென் கொரியாவை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். செல்வத்தில் குறைவில்லாத நாடு. தேர்தல்கள் முறையாக நடக்கும் நாடு. ஆயினும் சமயக் காரணத்தாலோ மனச்சான்றின்படியோ படைச்சேவையை மறுத்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பல்லாண்டுகளாகச் சிறை சென்றனர். வழக்கமான தண்டனை 18 மாதம். மாற்றுச்சேவை என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை. 2013ஆம் ஆண்டில் பிரான்ஸ் இத்தகைய ஓர் இளைஞரை அகதியாக ஏற்றது. அவரிடம் போய் 'உன் நாட்டில் உள்ள வழிகளை முயன்றாயா?' என்று கேட்டுப் பயனில்லை, வழியே அங்கில்லை. 2018ஆம் ஆண்டில் தென் கொரிய அரசமைப்பு நீதிமன்றம், மாற்றுச்சேவைக்கு இடமளிக்காத சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2020 முதல் மறுப்பவர்கள் சிறைச்சாலைகளில் 36 மாதம் பணி செய்யலாம். அதற்குப் பின் அதே கோரிக்கையோடு பாரிஸ் செல்பவர் அதே விடையை எதிர்பார்க்க முடியாது.

தண்டனையும் துன்புறுத்தலும்

சட்டத்தை மீறியதற்காக வழக்குத் தொடுப்பது வேறு. ஒருவரின் நம்பிக்கைக்காகவோ பிறப்புக்காகவோ துன்புறுத்துவது வேறு. ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும். வீட்டில் வைத்துக் கற்பிக்கப் பெற்றோருக்கு உரிமையில்லை. சமய நம்பிக்கையின்பேரில் இதை மறுத்த ஒரு குடும்பத்துக்கு அபராதம் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு நாள் காவலர்கள் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். 2008ஆம் ஆண்டில் அக்குடும்பம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் போனது. 2010ஆம் ஆண்டில் ஒரு குடிநுழைவு நீதிபதி அவர்களுக்குப் புகலிடம் தந்தார். அத்தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜெர்மானியச் சட்டம் எச்சமயத்தையும் குறிவைக்கவில்லை. எல்லாப் பெற்றோருக்கும் ஒன்றாகவே பொருந்துகிறது என்றது. 2014ஆம் ஆண்டு மார்ச்சில் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது. மறுநாளே, அவர்களை நாடுகடத்தும் எண்ணம் தற்போதைக்கு இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. வழக்கில் தோற்ற குடும்பம் அங்கேயே தங்கியது. அகதியாக அல்ல, அரசின் தயவில்.

ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் இக்கேள்வியை ஏறத்தாழ மூடிவிட்டன. பாஸ்க் பிரிவினை இயக்கத்தோடு தொடர்புடையோர் என்று ஸ்பெயின் தேடிய இருவரின் தஞ்சக் கோரிக்கையைப் பெல்ஜியம் ஆராய முற்பட்டதால் எழுந்த கசப்பின் விளைவாக, 1997ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தோடு ஒரு நெறிமுறை சேர்க்கப்பட்டது. ஓர் உறுப்பு நாட்டவர் மற்றோர் உறுப்பு நாட்டில் தஞ்சம் கோரினால், அரிய விதிவிலக்குகள் நீங்கலாக, அதை ஏற்கத் தேவையில்லை. பெல்ஜியம் மட்டும் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே ஆராய்வோம் என்று அறிவித்து வைத்தது.

அந்த மூடிய கதவுக்குப் பின்னால் ரோமா மக்கள் இருந்தார்கள். செக் குடியரசும் ஹங்கேரியும் 2004ஆம் ஆண்டில் ஒன்றியத்தில் சேர்ந்த மக்களாட்சிகள். செக் நாட்டில் ரோமாப் பிள்ளைகளை அறிவுக்குறையுள்ளோருக்கான சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளியது பாகுபாடு என்று 2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டது. ஹங்கேரியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ரோமாக் குடியிருப்புகள்மீது அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களில் ஆறு பேர் கொல்லப்பட்டனர். பிற ஐரோப்பிய நாடுகளில் தஞ்சம் கோர வழியில்லாததால் அவர்கள் கடல் கடந்து கனடாவை நாடினர், பலர் ஏற்கவும்பட்டனர். இங்கே சட்டம் பார்த்தது, ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் பாகுபாடு மட்டுமே ஆகும் செயல்கள், பள்ளியிலும் வேலையிலும் வீட்டிலும் காவல்நிலையத்திலும் சேர்ந்து ஒருவரின் வாழ்வை நெரிக்கும்போது துன்புறுத்தல் ஆகின்றனவா என்பதையே. 2012ஆம் ஆண்டு இறுதியில் கனடா 'பாதுகாப்பான நாடுகள்' என்று ஒரு பட்டியல் வகுத்து, அந்நாட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமையை மறுத்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவும் அதில் இருந்தன. 2015ஆம் ஆண்டில் கனடாவின் கூட்டரசு நீதிமன்றம் அம்மறுப்பு சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 2019ஆம் ஆண்டில் பட்டியலே வெறுமையாக்கப்பட்டது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் இந்த வகையில் சேரலாம். 2008ஆம் ஆண்டில் கொஸ்தாரிகா, துணைவரின் கொடுமைக்குத் தப்பி மகளோடு வந்திருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை அகதியாக ஏற்றது. அவரைப் பிள்ளையைக் கடத்திய குற்றத்துக்காக ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டிருந்த வேளை அது. எட்வர்டு ஸ்னோடனுக்கு 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யா தந்தது ஓராண்டுத் தற்காலிகப் புகலிடம். அதில் இரு வல்லரசுகளின் உறவுக்கு இருந்த பங்கு பெரிதாகையால், பிறர் தம் வழக்குக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கதன்று.

இவ்வாறு கோருபவர் விசாரணையில் எதிர்கொள்ளும் இன்னொரு கேள்வி, நாட்டின் வேறு பகுதிக்குப் போயிருக்கலாமே என்பது. ஐம்பது மாநிலங்கள் உள்ள அமெரிக்கர், ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு அஞ்சினால் மற்றொரு மாநிலத்தில் ஏன் வாழக்கூடாது என்று கேட்கப்படுவார். கனடாவும் அமெரிக்காவும் 2004ஆம் ஆண்டு இறுதி முதல் நடைமுறைப்படுத்தும் ஒப்பந்தப்படி, முதலில் கால்வைத்த நாட்டிலேயே தஞ்சம் கோர வேண்டும்; ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்குப் பொருந்தாது. எனவே கனடா எல்லையில் அவர் கோரிக்கை விசாரணைக்கு எடுக்கப்படும். காவல்துறையிடம் எத்தனை முறை முறையிட்டார், என்ன பதில் வந்தது, எந்த நீதிமன்றத்தை நாடினார், தம்மைப் போன்றோர்க்கு அங்கே என்ன நேர்ந்தது என்பவற்றை நாளும் தாளுமாக வைத்தாலன்றி அவர் சொல் எடுபடாது. ஏழை நாட்டிலிருந்து வருபவரிடம் நாடு பற்றிய அறிக்கையே பாதிச் சான்றாக அமைவதுண்டு. இவருக்கோ அந்த அறிக்கை எதிர்ச்சான்று.

அத்தனையும் கடந்து அகதிநிலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் தம் நாட்டுக் கடப்பிதழை ஒதுக்கி வைத்தாக வேண்டும். உலகின் பெரும்பாலான விமான நிலையங்களில் விசாவின்றி அவரை உள்ளே விட்ட கடப்பிதழ் அது. தாமே விரும்பி மீண்டும் தம் நாட்டின் பாதுகாப்பை நாடுபவர் அகதிநிலையை இழப்பார் என்கிறது உடன்படிக்கையின் முதற்பிரிவு. கடப்பிதழைப் புதுப்பிப்பதும் அதற்கு அடையாளமாகக் கொள்ளப்படலாம். அதற்கு ஈடாக, 28ஆம் பிரிவின்படி, தஞ்சம் தந்த நாடு அவருக்கு அகதிகளுக்கான பயண ஆவணம் ஒன்றை வழங்கும். அதைக் கொண்டு அவர் வேறு நாடுகளுக்குச் செல்லலாம். தாய் இறந்த செய்தி வந்தாலும் ஊருக்குச் செல்வதற்கு அது உதவாது.